பனிமலை விடுதியில் நான் கழற்றிய அலாரம்

இரண்டு வருடங்களுக்கு முன், இங்கே குளிர்காலமான ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. மெல்பேர்னிலிருந்து காரில் நாலரை மணி நேரம் போனால் ஒரு பனிமலை வரும். அதன் உச்சியில், வசதியானவர்கள் பனிச்சறுக்கு விளையாட வந்து தங்கும் பெரிய விடுதி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். நானும் என் மகளும் அங்கே போனோம். எனக்குப் போக விருப்பமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மெல்பேர்னின் மேற்குப் பக்கம், ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். கிடங்கிலும் குளிர், வீட்டிலும் குளிர். லீவு எடுத்து அதைவிடக் குளிரான இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலையில் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் எனக்குப் பனி காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கணவர் அந்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிவிட்டார். வழியெல்லாம் அவள் ஓட்ட, நான் குறை சொல்லிக்கொண்டே போனேன். என் வாய் அப்படி. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விடுதி வாசலில் தொப்பி போட்ட ஒருவர் கதவு திறந்துவிட்டார். உள்ளே ஆட்கள் கனமான சறுக்குச் சப்பாத்துகளோடு வாத்து மாதிரி நடந்து திரிந்தார்கள், கையில் வைன் கிளாஸ். எங்களுக்குக் கொடுத்தது பழைய பகுதியில் ஓர் அறை. கட்டடத்தின் மிகப் பழைய கல் சுவர்கள் அங்கேதான் இருக்கின்றனவாம், அதனால் அதற்குத்தான் கிராக்கி அதிகமாம். வரவேற்பில் இருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கல் சுவர், பழைய நெருப்படுப்பு இருந்த இடத்தில் ஒரு காஸ் ஹீற்றர், தரையோடு ஒட்டிச் சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு இரும்புக் கம்பி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அதன் வழியாக வெளிக்காற்று நேரே என் காலில் அடித்தது.

இவ்வளவு பெரிய விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு ஓட்டையை அடைக்கத் தெரியாதா என்று எனக்குக் கோபம் வந்தது. குளியலறையிலிருந்து பெரிய வெள்ளைத் துவாயை எடுத்துச் சுருட்டி அதில் அடைத்தேன். இன்னொன்றைக் கதவின் கீழே வைத்தேன். ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருகிவிட்டேன். ஓட்டைக்கு மேலே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். நான் வாசிக்கவில்லை.

அறையில் சின்னக் குசினி ஒன்றும் இருந்தது. நான் வீட்டிலிருந்து ஐஸ்கிறீம் பெட்டியில் மீன் குழம்பும், புட்டு அவிக்க மாவும், சம்பலுக்குச் செத்தல் மிளகாயும் கொண்டுபோயிருந்தேன். மணம் நடைபாதைக்குப் போனால் பக்கத்து அறைக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்று குளியலறையிலும் அடுப்புக்கு மேலும் இருந்த, காற்றை வெளியே இழுக்கும் காற்றாடிகள் இரண்டையும் போட்டுவிட்டுச் சமைக்கத் தொடங்கினேன். மகள் ஹீற்றருக்குப் பக்கத்துச் சோபாவில் படுத்திருந்தாள். தலை இடிக்கிறது என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். நடுவில் இரண்டு தரம் கீழே காருக்குப் போய்ச் சாமான்கள் எடுத்து வந்தேன். கார் நிறுத்தும் இடம் தூரம். நான் முதன்முதலில் பனியில் நடந்தது அப்போதுதான். கால் நனைந்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்து மிளகாயைப் பொரிக்கும்போது அலாரம் அலறத் தொடங்கியது.

எங்கள் வீடுகளில் இது தெரிந்த கதை. தாளித்தால் முகட்டில் இருக்கிற புகை அலாரம் கத்தும். ஒருவர் துணியை எடுத்து விசுக்குவார், இன்னொருவர் யன்னலைத் திறப்பார். சிலர் அதற்கு ஒரேயடியாக பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார்கள். நான் பழக்கத்தில் மேலே பார்த்தேன். முகட்டில் இருந்தது கத்தவில்லை. கத்தியது ஹீற்றருக்குப் பக்கத்தில், சுவரில் கீழே மாட்டியிருந்த வேறொன்று. இதை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. இழுத்துக் கழற்றி, பற்றறியைப் பிடுங்கி, அலுமாரி லாச்சிக்குள் போட்டு மூடினேன். சத்தம் நின்றது.

மகள் கண்ணைத் திறந்தாள். "அம்மா, தாங்கேலாமல் தலை இடிக்குது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் இருக்கு."

"காலையில இருந்து ஒண்டும் சாப்பிடாமல் கார் ஓடினா அப்பிடித்தான். எழும்பிச் சாப்பிடு."

"ப்ளீஸ் அம்மா. லெட் மீ ஸ்லீப்."

என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு இவள் நித்திரை கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல். தனியே இருந்து சாப்பிட்டேன். எனக்கும் தலை விண்விண் என்றது. மலைப்பாதை வளைவுகளால் என்று நினைத்தேன். எந்தக் குற்றத்தைக் கண்டாலும் யார் தலையில் போடலாம் என்றுதான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த ஓட்டையையும், கண்ட இடத்தில் வைத்த அலாரத்தையும் பற்றிக் கீழே போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று புறப்பட்டேன். போகும்போது மகளைத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன. மலைக்காற்று பட்டதும் பிள்ளைக்கு முகத்தில் நிறம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வரவேற்புப் பெண் பாதியிலேயே என்னை நிறுத்தி, பழுது பார்ப்பவர் இங்கேதான் நிற்கிறார் என்று கை காட்டினாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏணியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களுக்கு மேல் பல்ப் மாற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தமிழா என்று கேட்டார். மலேசியாக்காரர். படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு இந்த மலையிலேயே தங்கிவிட்டவராம்.

"சிலோனாக்கா? அப்ப கம்ப்ளெயின்டோடதான் வந்திருப்பீங்க" என்று சிரித்தார். ரெண்டே நிமிஷம், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

நான் நின்றபடி படங்களைப் பார்த்தேன். விடுதியின் முழு வரலாறும் அந்தச் சுவரில் வரிசையாக இருந்தது. முதலில் மலைக்குச் சாலை வெட்டிய ஆட்கள் தங்குவதற்குக் கட்டிய ஒரு கல் குடில். பிறகு அதையே ஒரு சறுக்கு மன்றம் வாங்கி மரத்தால் பெரிதாக்கியது. பிறகு மாடிகள், நீச்சல் குளம், கோப்பை தூக்கிப் பிடித்த வீரர்கள், ரிப்பன் வெட்டும் அரசியல்வாதிகள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர் எழுதியிருந்தது. முதல் படத்தில் மட்டும் குடிலின் முன்னால் மண்வெட்டியோடு இரண்டு பேர் நின்றார்கள். கீழே 'இரண்டு தொழிலாளர்கள்' என்று இருந்தது.

நானும் உடம்பால் உழைக்கிறவள். சண்டைக்கு இன்னொரு காரணம் கிடைத்தது எனக்கு. "கட்டின ஆக்களுக்கு மட்டும் பேர் இல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். "யாருக்கும் தெரியாதுக்கா. வெளிநாட்டுல இருந்து ரோடு போட வந்தவங்க. இந்தப் படம் எடுத்த அதே குளிர்ல ரெண்டு பேரும் போயிட்டாங்க. குளிர் தாங்காம சுவர்ல இருந்த சந்தெல்லாம் சாக்கு வச்சு அடைச்சிட்டு, உள்ள கரியடுப்பு மூட்டிட்டுப் படுத்திருக்காங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. அதை எழுதினா வர்றவங்க மூடு கெட்டுடும்னு எழுத மாட்டேங்கறாங்க."

அவர் ஏணியை மடித்தபடி தொடர்ந்தார். "அதனாலதான் பழைய பக்கத்துல எல்லா ரூம்லயும் கீழ காத்து ஓட்டை வச்சிருக்கு. நம்ம ஆளுங்க வந்தா முதல் வேலையா அதுல டவலைத்தான் அடைப்பாங்க. நானும் போய்ப் போய் எடுப்பேன். ஆனா பயமில்லக்கா, ஹீட்டர் பக்கத்துல கேஸ் அலாரம் இருக்கு. கத்த ஆரம்பிச்சா இந்த மலைக்கே கேக்கும்."

எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"தம்பி, அதை நான் கழட்டிப் போட்டன். பிள்ளை உள்ள படுத்திருக்கு."

அவர் அறை எண்ணை மட்டும் கேட்டார். ஏணி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. வரவேற்புப் பெண்ணிடம் எதையோ கத்திவிட்டுப் படிகளில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஈரச் சப்பாத்து வழுக்கி முழங்கால் அடிபட்டது. நான் போய்ச் சேரும்போது அவர் தன் சாவியால் கதவைத் திறந்து, ஹீற்றரை நிறுத்தி, யன்னலைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தார்.

நான் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், அதே பக்கம் சரிந்தபடி அவள் கிடந்தாள். கன்னம் அதே சிவப்பு. கூப்பிட்டேன். உலுப்பினேன். தலை என் கையோடு சேர்ந்து ஆடியது. அவர் தோள்களைப் பிடிக்க, நான் கால்களைப் பிடித்தேன். நடைபாதை வழியாகத் தூக்கிக்கொண்டு போய், மலைச்சரிவோடு ஒட்டியிருந்த பக்கத்துக் கதவால் வெளியே பனியில் கிடத்தினோம். அவளுக்கு மேல்சட்டைகூட இல்லை. நான் அவள் கன்னத்தில் அடித்தேன், கத்தினேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் குனிந்து காதை மூக்கருகே வைத்தார். மூச்சு இருக்கிறது என்றார். மலைப் பாதுகாப்பு ஆட்கள் ஒட்சிசன் சிலிண்டரோடு ஓடிவந்து முகமூடியை மாட்டினார்கள். பிறகு எல்லோரும் காத்திருந்தோம். சறுக்கிவிட்டு வந்தவர்கள் வண்ண வண்ண உடுப்போடு சுற்றி நின்று பார்த்தார்கள்.

கடைசியில் அவள் விரல் அசைந்தது. முகமூடியைத் தள்ளிவிட்டுப் பனியில் சத்தி எடுத்தாள். பிறகு "அம்மா, குளிருது" என்றாள். நான் அந்தப் பனியிலேயே குந்தியிருந்து அழுதேன்.

மலையிறக்கி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்து முகமூடி மாட்டினார்கள். காபன் மொனொக்சைட், நிறமும் மணமும் இல்லாத வாயு, அது கன்னத்தைச் சிவக்கவும் வைக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். காற்றாடிகள் அறைக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லை, நான் அடைத்துவிட்டேன். அதனால் ஹீற்றரின் புகைபோக்கியால் மேலே போகவேண்டிய நஞ்சு திரும்ப அறைக்குள் இறங்கியிருக்கிறது. மிளகாய்க்கும் அந்த அலாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மிளகாய் பொரித்த நேரமும் அது கத்திய நேரமும் ஒன்றாக வந்துவிட்டன.

அறையில் அலாரம் இருந்ததா என்று நேர்ஸ் கேட்டாள். மகள் பக்கத்துக் கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருந்தது, நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மகள் கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

விடுதிக்காரருக்கு நான் கடிதம் எழுதினேன். என் பிழையை முதலில் எழுதினேன். பிறகு, அந்த இரண்டு பேரும் எப்படிச் செத்தார்கள் என்று படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள், ஓட்டைக்கு மேல் ஒட்டியிருக்கிற எறும்பெழுத்து அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் படம் வரைந்து ஒட்டுங்கள் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாள் இலவசமாக வந்து தங்கச் சொல்லிப் பதில் வந்தது. அந்த இரண்டு பேரின் படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

கதையைக் கேட்ட சொந்தக்காரர்கள், நீ சண்டைக்குக் கீழே இறங்கியதால்தான் பிள்ளை தப்பியது, உன் கோபம்தான் காப்பாற்றியது என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கப் பிடிப்பதில்லை. துவாயை அடைத்ததும் அந்தக் கோபம்தான், அலாரத்தைப் பிடுங்கியதும் அதுதான். காப்பாற்றியது, சண்டைக்கு வந்தவளின் கேள்விக்கு ஏணியிலிருந்து இறங்கிவந்து பதில் சொன்ன ஒரு மனிதர். அவருக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. அம்புலன்ஸ் கதவை மூடும்போது அவர் ஓட்டையிலிருந்து எடுத்த என் துவாய்ச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது.

இப்போது வீட்டில் எங்கே என்ன அலாரம் என்று எல்லாம் தெரியும், மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்கிறேன். அது இலகுவான வேலை. கஷ்டமானது வேறு. அன்று என் மகள் தலை இடிக்கிறது என்று இரண்டு தரம் சொன்னாள், இரண்டு தரமும் நான் உடனே பதில் சொன்னேன், ஒரு தரம்கூட எழும்பிப்போய் அவள் நெற்றியில் கை வைக்கவில்லை. இப்போதும் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் பதில் என் நாக்கில் முதலில் வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.