பிடி அரிசிப் பானையில் வைத்த சங்கிலி

நயா பைசா வந்த புதிதில், கொடைக்கானலில் எங்கள் தெருவில் திருட்டு பயம் அதிகம். ஒருநாள் வத்தலக்குண்டுக்குப் புறப்பட்ட நான், என் ஐந்து பவுன் சங்கிலியைப் பிடி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி போட்டுவைக்கும் பானை அது. கர்த்தருடைய அரிசியில் எந்தத் திருடனும் கைவைக்க மாட்டான் என்று நம்பினேன்.

மறுநாள் திரும்பி வந்தால் பானை காலி!

"நெறைஞ்சு கெடந்துச்சு, கோயில்ல குடுத்துட்டேன்," என்றார் கணவர்.

எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு ஓடினேன். அரிசியை விறகு சுமக்கும் மரியாளுக்குக் கொடுத்துவிட்டாராம். மழையில் வழுக்கி வழுக்கி அவள் குடிசைக்கு இறங்கினேன். அடுப்பில் உலை கொதித்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கேட்டால், 'திருடி' என்று சொன்னதுபோல் ஆகிவிடுமே!

என் முகத்தைப் பார்த்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சங்கிலி.

"ஒங்களுதாக்கா? ஐயர்கிட்டக் குடுக்கத்தான் கெளம்புனேன். கோயில் அரிசின்னாலே கல்லு கெடக்கும்ல, அதான் சொளகுல போட்டுப் பொடைச்சேன்."

எங்கள் உலைக்கு நான் கல் பொறுக்காத நாளே கிடையாது. அந்தப் பானைக்கு மட்டும் பொறுக்காமலே அள்ளிப் போட்டிருந்தேன்.

இப்போது முதலில் பொறுக்குவது அந்தப் பிடியைத்தான்.