அரிவாள் ரத்தமும் வெள்ளச்சியின் பிரசவமும்

மலைக்கு மாற்றலாகிப் போகும் நர்சுக்கு மருந்துப் பெட்டியைவிட நல்ல செருப்புதான் முக்கியம் என்பது, என்னைப்போல ஜவ்வாது மலையில் ஏறி இறங்கியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் புதூர்நாட்டுப் பக்கம் என்னிடம் வந்தவள் வெள்ளச்சி.

கண்ணாடியில் பார்த்தது

தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். கண்ணில் மஞ்சள். பனி இறங்கினால் எலும்பெல்லாம் வலி. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தேன், சோகை அசையவில்லை. எனக்கு ஒன்றும் புரியாமல் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய அணுக்களில் பல வளைந்து கிடந்தன. "அரிவாள் ரத்தம். குழாயில் அடைத்துக்கொள்ளும், அதுதான் வலி" என்றார். வெள்ளச்சி தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உடம்பு பூரா இத்தினி அருவா வச்சிக்கினா, சாமை அறுக்க ஒண்ண எரவல் வாங்கினு போனேன்?"

தண்ணீர்

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குளிரில் நிற்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று உத்தரவு. ஊற்றோ பள்ளத்தில். அவள் புருஷன் கோவிந்தன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறினான். ஊரே சிரித்தது. வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும் நர்சம்மா. வலியில அவ கத்துறது அவங்க வூட்லயா கேக்குது?"

ஜீப்காரர்

எட்டாம் மாதம் ஒரு மழைக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். புளிமூட்டை ஏற்றி வந்த ஜீப்பை மறித்தேன். டிரைவர் பாஷா மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கோவிந்தன் ரத்தம் சேரவில்லை; பாஷாவுடையது சேர்ந்தது. கொடுத்துவிட்டு ஏதோ யோசனையாக டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், வெள்ளச்சிக்கு மூச்சு சீராகிவிட்டது என்று போய்ச் சொன்னேன்.

"அப்ப இனிமே அந்தம்மா எனக்கு இன்னா மொறைங்க, தங்கச்சிதானே?"

பாதிபாதி

மலைக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, எடைதான் குறைவு, குரலில் குறையில்லை. இதற்கும் அந்த நோவு வருமா என்று வெள்ளச்சி கேட்டாள்.

"தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய். உன் புருஷன் ரத்தத்தையும் பார்த்துவிட்டேன், அதில் அது இல்லை. உன் பெண்ணுக்கு உன் வலி வராது" என்றார் டாக்டரம்மா.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவளோ குழந்தையை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கப்பன் கிட்டேருந்தும் பாதி வந்துச்சா? நோவுக்காரியப் பெத்தவளேன்னு எங்கம்மாவ மட்டும் ஏசுனாங்களே!"

பிரசவம் பார்க்கிற வேலையில் குழந்தைகளைவிடக் கேள்விகள்தான் அதிகம் பிறக்கின்றன.