இன்ஜின் இல்லாத வண்டி

வேலையிடத்தில் அவளுக்குக் ‘களிமண்ணக்கா’ என்று பெயர். “தலையில இருக்கிறதைச் சொல்லலை, கையில இருக்கிறதைச் சொல்றாங்க” என்று அவளே முந்திக்கொண்டு சிரிப்பாள். கார் கம்பெனி ஒன்றில், காகிதத்தில் வரைந்த காரை அசல் அளவில் களிமண்ணில் செய்து நிறுத்துவது அவள் வேலை.

கணவன் லாரி ஓட்டியவன். சரக்கு இறக்கும்போது இரும்புச் சட்டம் சரிந்து முதுகில் விழுந்தது. உயிர் பிழைத்தான், முதுகுத்தண்டு பிழைக்கவில்லை. பிடித்துக்கொண்டு நாலடி நடப்பான், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். அதன்பின் எந்த வண்டியில் ஏற்றினாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான்.

மெக்கானிக்கான அவள் தம்பி ஒருநாள் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். சிட்ரோயன் டிஎஸ். நீண்ட மூக்கு, தரையோடு ஒட்டிய வயிறு. சாவியைத் திருப்பியதும் வண்டி மெல்ல மேலே எழும்பியது.

“மாமா, இதுல ஸ்பிரிங்கே கிடையாது. எண்ணெயும் வாயுவும்தான் தாங்குது. வாங்க, ஒரு சுத்து போவோம்.”

ரயில் பாதையைக் கடந்தபோது அவள் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுளிக்கவில்லை. “தாண்டிட்டோமா?” என்று கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணீர் முட்டிவிட்டது.

தம்பி காரை அவர்களிடமே விட்டுப்போனான். அதன்பின் ஞாயிறுதோறும் கணவனை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய் வருவாள். ஒரே குறை, இருக்கை ரொம்பத் தாழ்வு. குனிந்து உள்ளே போவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி, கண்காட்சிக்காக ஒரு விசித்திர வண்டி செய்யத் தொடங்கியது. மூன்று சக்கரம், முட்டை வடிவம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. களிமண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தவள் வடிவமைப்பாளரிடம் போய், “சார், சீட்டு வெளியே திரும்பி வந்தா என்ன? உக்காந்ததும் அதுவே உள்ளே இழுத்துக்கணும். குனியவே வேண்டாம்” என்றாள். யாருக்காக என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முதலில் களிமண்ணிலும், பிறகு கண்காட்சி வண்டியிலும் அப்படியே செய்தார்கள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் ஊழியர் குடும்பங்களை அனுமதித்தார்கள். கணவனை அழைத்துப் போனாள். இருக்கை வெளியே வந்தது. நின்ற வாக்கில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தான். அது அவனை உள்ளே கொண்டுபோனது.

“ஏ, வலிக்கவே இல்லடி! எப்போ ரோட்டுக்கு வரும்?”

“இது சும்மா காட்டுறதுக்குங்க. உள்ளே இன்ஜினே இல்ல.”

“அப்ப நம்ம ஜாதிதான்னு சொல்லு” என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்தே கிடக்கும் உடம்பு, தாங்கவில்லை. போய்விட்டான்.

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது முட்டை வண்டியை நொறுக்க உத்தரவாகியிருந்தது. தயாரிக்கச் செலவு அதிகமாம்.

“அந்த சீட்டை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா சார்?”

வடிவமைப்பாளர் தலைகுனிந்தார். “ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாதும்மா. நானும் கேட்டுப் பார்த்துட்டேன்.”

அந்த வண்டிக்காக முதலில் செய்த களிமண் மாதிரியைக் கலைப்பது அவள் பொறுப்பு. சுரண்டிய மண்ணைச் சூடாக்கி அடுத்த வண்டிக்குப் பயன்படுத்துவார்கள். வேறு ஆளை விடலாம் என்றார்கள். “வேண்டாம், நானே செய்றேன்” என்று சுரண்டியை எடுத்தாள். இருக்கை இருந்த பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அதற்கு வந்தபோது கை நின்றது. சற்று நேரம் கன்னத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள். பிறகு அதையும் சுரண்டி முடித்தாள்.

பழைய காரை விற்றுவிடலாமா என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இன்னொரு தடவை ஓட்டிட்டுச் சொல்றேன்டா.”

ஞாயிறன்று தனியாகக் கிளம்பினாள். சாலையில் ஒரு பள்ளம் வந்தது. வண்டி மிதந்து கடந்தது. அவளையறியாமல் இடக்கை ஸ்டியரிங்கை விட்டு, பக்கத்து இருக்கையில் யாரையோ தாங்கிப் பிடிக்கப் போனது. ஓரமாக நிறுத்தி, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள்.

“முதுகு முடியாதவங்க யாராவது கேட்டா கொடுத்துடு. வேற யாருக்கும் வேண்டாம்.”