பீரோவுக்குள் மீசை வைத்த மீன்

திட்டி எழுதிய கடிதத்துக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வசவுகூட இல்லாமல், மரியாதையாக, நடந்ததை மட்டும் சொல்லும் கடிதம்தான் ஆளைச் சாய்த்துவிடும். மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்படி ஒரு கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை உரக்க வாசித்தவள் நான்தான்.

அப்பாவுக்குக் கோட்டாறில் பீரோ, கட்டில் விற்கும் கடை. கல்லாவுக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ஒரு பலகையும், பக்கத்தில் வேதவசனக் காலண்டரும் தொங்கும். என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டு, எனக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறதே என்று குறைப்பட்டதும் அவரேதான். அதனால் வீட்டுக்கு வரும் தமிழ் எழுத்து எதுவானாலும், கல்யாணப் பத்திரிகையோ சபைப் பத்திரிகையோ, சாயங்கால ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து நின்று வாசித்தாக வேண்டும்.

அன்று பகலில் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்த கவரை அம்மா என்னிடம் தந்தாள். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "சத்தமா வாசி மக்கா" என்றார்.

மண்டைக்காட்டில் இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் கிளார்க்காம். கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்ததால் என் நாக்கு தடுமாறவில்லை. "ஐயா, மகளுக்குச் சீராகக் கொடுப்பதற்காக, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உங்கள் கடையில் ஒரு பீரோ வாங்கினேன். புதியது என்று சொன்னீர்கள். ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தீர்கள். நகல் இணைத்துள்ளேன்." அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பெயின்ட் உரிய ஆரம்பித்ததும் இரண்டு முறை கடைக்கு வந்தேன். கடல் காற்றுக்கு எல்லாம் துருப்பிடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பிறகு கடைக்கு எழுதிய கடிதத்தை வாங்க மறுத்ததால் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன்."

"போதும், கொண்டா" என்று அப்பா கையை நீட்டினார்.

"வாசிக்கட்டு. தமிழ் படிக்காண்டாமா?" என்றாள் அம்மா.

நான் வாசித்தேன். "உள்ளே ரகசிய அறையில் பெயின்ட் உரிந்த இடத்தில், ஆணி போன்ற ஒன்றால் ஒரு பெயர் கீறப்பட்டுள்ளது." அடுத்த சொல்லில் என் குரல் நின்றுவிட்டது. அது என் பெயர். அதன் கீழே 'மூணாம் கிளாஸ் பி'. அதற்கும் கீழே மீசை வைத்த ஒரு மீன். இணைத்திருந்த போட்டோவில் அந்த மீன் என்னைப் பார்த்துச் சிரித்தது. தெரியாத ஒருவர் என் பெயரைக் கண்டுபிடித்து, தபாலில், அதுவும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார் என்றால் அடுத்தது போலீஸ்தான் என்று நினைத்தேன்.

அது எங்கள் வீட்டுப் பழைய பீரோ. துணியெல்லாம் அதில் இருந்த காலத்தில், யாரும் பார்க்காத நேரம் காம்பஸ் முள்ளால் நான் வரைந்த மீன் அது. களியக்காவிளைப் பக்கம் ஒரு அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் ஜெபத்தில் அந்தப் பிள்ளைகளையும் பீரோவையும் நான் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீதியை அம்மாவே வாங்கி வாசித்தாள். பீரோவை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் இந்த மாதக் கடைசிக்குள் தரவேண்டும். அடுத்த மாதம் கல்யாணம், வேறு பீரோ வாங்கக் கையில் பணம் இல்லை. தராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம். "மனு எழுதி வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை." இப்போது ஆன்லைனில் வாங்கியது ஓட்டை உடைசலாக வந்தால் நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் அதுதான் அச்சு. இதுவரை ஒரு கடைக்காரனும் தப்பியதில்லை.

ஆனால் அன்று எனக்குப் புரிந்தது வேறு. என் கிறுக்கலால்தான் பீரோ கெட்டுப்போய் அந்த அம்மா பணத்தைக் கேட்கிறார். என்னால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறது. நான் ஓவென்று அழுதேன். "நான்தாம்ப்பா கிறுக்கினேன். காம்பஸ் வெச்சு."

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்துக்கு நிறம் திரும்பி வந்தது. என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போகட்டு மக்கா. சின்னப் பிள்ளைதானே. இனி இப்பிடிச் செய்யாண்டாம், கேட்டியா?" என்றார். அவ்வளவு லேசாக மன்னித்துவிட்டாரே என்று எனக்கு அழுகை இன்னும் கூடியது.

அம்மா போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நாளைக்கு காலத்தே ரூவாயைக் கொண்டு குடுக்கணும். நானும் வாறேன். பிள்ளையும் வரட்டு."

"அவ எதுக்கு?"

"அவ பேருதானே எழுதியிருக்கு."

மறுநாள் டெம்போ பிடித்துப் போனோம். அப்பா பணத்தை எண்ணி நீட்டியதும் நான் முந்திக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். "எங்கப்பா மேல கோவப்படாதீங்க ஆன்ட்டி. உங்க பீரோவக் கெடுத்தது நான்தான்."

அவர் திகைத்துப்போய்ப் பணத்தை எண்ண மறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவை. அப்பா அவர்கள் வீட்டு மாமரத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மா என் தலையைத் தடவி, "நீ ஒண்ணும் கெடுக்கல்ல மக்களே. நீ கிறுக்கினதாலதான் எனக்க ரூவா கிட்டிச்சு" என்றார். பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்களில் இதுவும் ஒன்று என்று நான் முடிவு செய்தேன்.

திரும்பும்போது முன்சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பீரோ கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. இனிமேல் செய்யமாட்டேன் என்று அப்பாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த வண்டியில் வேறு யாரும் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

பீரோவைப் படுக்கையறைக்குக் கொண்டுபோக அம்மா விடவில்லை. நாங்கள் ஜெபம் செய்யும் முன்னறையிலேயே வைக்கச் சொன்னாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அனாதை இல்லத்துக்குப் போனது மண்டைக்காட்டுக்கு எப்படிப் போயிற்று என்பதும் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடும் வயது அது. அன்று சாயங்காலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்னை மன்னித்த நல்ல அப்பாவைத் தந்ததற்காக நன்றி சொன்னேன். இனி துணி வைக்க இடமில்லாமல் தவிக்கும் அந்த அனாதைப் பிள்ளைகளுக்கு அப்பா கடையில் இருந்தே ஒரு புது பீரோ கிடைக்க வேண்டும் என்றும் உரக்கக் கேட்டேன்.

ஆமென் என்று அம்மா மட்டும் சொன்னாள்.