பொருளுக்குப் பொருள்: கொடைக்கானலில் ஒரு ரோபோ நின்ற கதை

அதுவரை என்னிடம் மூன்று உருமாறும் ரோபோக்கள் இருந்தன. மூன்றும் காராகும், மூன்றும் ஆளாகும், ஒன்றுகூட நிற்காது. எல்லாம் திருவிழாக் கடை பிளாஸ்டிக். கொடைக்கானல் மிஷன் பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் என் சித்தி, "ஊருக்குக் கெளம்புற வெள்ளக்காரக் குடும்பங்க சனிக்கிழம சாமான விக்கிறாங்க, கார் பொம்மையும் கெடக்கு" என்று சொல்லி அனுப்பியதும் மலையேறிவிட்டேன். 1986 மே மாதம், வயது பதினைந்து. சொந்தக் காலில் நிற்கும் ஒரு ரோபோ வேண்டும், அவ்வளவுதான் லட்சியம்.

வத்தலக்குண்டில் காலை 5.45 பேருந்து, கட்டணம் ஆறரை ரூபாய். டிக்கெட்டுக்கு நீட்டிய என் உள்ளங்கையில் காசோடு ஒரு ரப்பர் பல்லியும் உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் அண்ணன் திடுக்கிட்டுப் பின்னால் இருந்த வாழைத்தாரின் மேல் சாய்ந்தார்.

"ஏலே, இன்னொரு தடவ அந்தச் சனியன வெளிய எடுத்த, டம் டம் பாறையில எறக்கி விட்ருவேன்!"

பாதி மலையில் ஊத்து என்ற ஊரில் டீக்காகப் பத்து நிமிடம் நின்றார்கள். 8.30க்குக் கொடைக்கானல். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும்.

பங்களாப் புல்வெளியில் கம்பளி, குக்கர், சைக்கிள் என்று பரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் மேசை தனி. அதன் ஓரத்தில் சிவப்புக் கார் ஒன்று. கையில் எடுத்ததுமே கனம் சொல்லிவிட்டது: நெஞ்சுப் பகுதி உலோகம். மூட்டைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே சத்தம், ஆட்டமில்லை. பெயின்ட் விளிம்பு தாண்டவில்லை. ஆனால் ஆளாக்கி நிறுத்தினால் முகம் குப்புற விழுந்தது.

"அது நிக்காதுலே. நானும் ஒரு வருசமாப் பாக்குறேன்" என்றான் மேசைக்குச் சொந்தக்காரன் பீட்டர். குடும்பத்தோடு அமெரிக்கா கிளம்பும் வெள்ளைக்காரப் பையன்தான். பிறந்து வளர்ந்தது கொடைக்கானல், தலைமுடி மட்டும்தான் வெளியூர்.

உற்றுப் பார்த்தேன். காராக இருக்கும்போது, கால்களில் இருந்த பின்சக்கரங்கள் வெளியே தெரியாமல் உள்பக்கம் ஒளிந்திருந்தன.

"இத எப்பவாச்சும் கழட்டினியா?"

"ஒரு தடவ. சும்மா உள்ள என்ன இருக்குன்னு."

"இடது கால வலதுல மாட்டிருக்க. நாலு நிமிசச் சோலி."

அம்மாவின் தையல் மெஷின் திருப்புளி என் பையில் எப்போதும் இருக்கும். இரண்டு திருகாணி. கால்களை இடம் மாற்றினேன். மேசை மேல் வைத்துக் கையை எடுத்தேன்.

நின்றது. காற்றடித்தும் நின்றது.

பீட்டர் வாயை மூட மறந்தான். நான் சட்டைப்பையில் கைவிட்டு ரூபாய் நோட்டுகளை எடுத்தேன்.

"காசா? இந்த மேசையில காசு செல்லாது. பொருளுக்குப் பொருள்."

சமையலறை வாசலில் நின்ற சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். "அடியாத்தி! அதச் சொல்ல மறந்துட்டேன்யா" என்று நாக்கைக் கடித்தாள். பிள்ளைகள் பணம் வாங்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டமாம். திருப்புளியைக் கொடுத்தால் அம்மா என்னைத் தைத்துவிடுவாள். பையைத் துழாவினேன். மிச்சமிருந்தது பல்லி.

பீட்டர் அதை என்னைப் போலவே சோதித்தான். வாலை இழுத்தான், வயிற்றை அமுக்கினான், கால் விரல்களை எண்ணினான். பிறகு டீத் தட்டோடு திரும்பிய சித்தியின் தோளில் வைத்தான். சித்தியின் அலறல் ஏரிவரை கேட்டிருக்கும். இரண்டு டம்ளர் புல்லில் உருண்டன.

"நல்ல தயாரிப்பு" என்று கை நீட்டினான் பீட்டர். குலுக்கினேன். டம்ளர்களை நான்தான் கழுவினேன், அது வேறு கதை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளனே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மேசை காலி. சிறிய திருப்புளி அவசியம். வாங்குமுன் காராகவும் ஆளாகவும் மூன்று முறை மாற்றிப் பாருங்கள். நிற்காததை உடனே கீழே வைக்காதீர்கள், குறை பொம்மையில் இல்லாமல் கழற்றியவனிடம் இருக்கலாம். மாற்றிக்கொள்ள ஏதாவது கொண்டுபோங்கள், நீங்கள் பிரியத் தயாராக இருக்கும் பொருளாக.

மதியம் 2 மணிக்குத் திரும்பும் பேருந்து. அதே கண்டக்டர். ரோபோவை எஞ்சின் மூடிமேல் நிறுத்தினேன். முதல் கொண்டை ஊசி வளைவில் பயணிகள் எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்தோம். அது சாயவில்லை.

கண்டக்டர் இரண்டடி தள்ளியே நின்று, விரல் நுனியால் டிக்கெட்டை நீட்டினார். "எங்க தம்பி அந்தப் பல்லி?"

"அமெரிக்கா போகுதுண்ணே."