சாவடிக்குப் பக்கத்துல ஒரு ஐஸ் மெஷின்

ஃபிரிஜ் திருத்தப் போறவன் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேக்குற வசனம் ஒன்னு இருக்கு: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு." என்னை மாதிரி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாத்தளை, இரத்தோட்டைன்னு பஸ் ஏறி இறங்கின ஆளுங்களுக்கு இது பழகின பாட்டு. அந்த வசனத்தை என்கிட்ட சொல்லாத ஒரே ஆள் பலாபத்வலங்கிற ஊர்ல இருந்த ஸரீனா ராத்தாதான். முஸ்லிம் வீடுகள்ல அக்காவை ராத்தான்னுதான் கூப்பிடுவாங்க.

இறைச்சி செஞ்ச வேலை

புருஷன் மவுத்தான பிறகு ராத்தா ஏழு வருஷம் சவூதியில வீட்டு வேலை செஞ்சு, வரும்போது ரெட்டைக் கதவு ஃபிரிஜ் ஒன்னைக் கப்பல்ல போட்டு அனுப்பியிருந்தாங்க. அதுக்குள்ள தானா தண்ணி இழுத்து, தானா ஐஸ் கட்டி, தானா கொட்டுற மெஷின். அப்போ சண்டைக் காலம், அவங்க வீட்டுக்கு முன்னாலதான் ஆமிக்காரங்களோட சோதனைச் சாவடி. தம்புள்ளைப் பக்கம் போற வர்ற பஸ் எல்லாம் அங்க ஆட்களை இறக்கி வெயில்ல நடக்க விடும். அந்த ஆட்களுக்கு ஐஸ் போட்டு ஃபலூடா விக்கிறதுதான் ராத்தாவோட திட்டம். ஆனா மெஷின்ல ஒரு கட்டியும் விழல, அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. ஐஸ் விழுந்தா ரெண்டு பொம்பளப் புள்ளைகளோட ஊர்ல இருக்கலாம். இல்லாட்டி வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரர் வர்றார், பாஸ்போட்டைக் குடுத்துட்டுத் திரும்பவும் சவூதி.

உண்மையைச் சொல்றேன், ஐஸ் மெஷினை நான் அதுக்கு முன்னால கண்ணால பார்த்ததில்ல. சும்மா தட்டிப் பார்த்து, "கொம்ப்ரசர் வீக்"னு அடிச்சு விட்டேன். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க! அப்புறம் ஃபிரீசரைத் திறந்து காட்டினாங்க. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடைச்ச குர்பான் இறைச்சியை அந்தத் தெருவே கொண்டாந்து அதுக்குள்ள அடைச்சிருந்திச்சு. பெரிய ஃபிரிஜ் அங்க ஒன்னுதானே. ஐஸ் நிறைஞ்சா மேல தூக்கி மெஷினை நிப்பாட்டுற கம்பி ஒன்னு இருக்கு, அதை ஒரு பார்சல் முட்டுக் குடுத்துத் தூக்கி வச்சிருந்திச்சு. பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு நெனச்சு மெஷின் சும்மா நின்னிருக்கு. ராத்தா பார்சலை நகர்த்திக்கிட்டே, எங்க பக்கம் மெக்கானிக்கைக் கூப்பிடுற மாதிரி பாஸ்னு கூப்பிட்டுச் சொன்னாங்க: "பாஸ், தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க. ரெண்டு பேருமாப் பார்ப்போம்."

கேத்தலுக்குள்ள வெள்ளை

கம்பி இறங்கியும் தண்ணி வரல. பின்பக்கத்து வால்வுக்கு மீட்டர் போட்டுப் பார்த்தேன், கரண்ட் சரி. குழாயை ஊதினேன், கன்னம் வலிச்சதுதான் மிச்சம். புது வால்வுக்கு எங்க போறது? கொழும்புல கூடக் கிடைக்காதுன்னு கையை விரிச்சேன்.

ராத்தா குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக் கேத்தலைக் கொண்டாந்து உள்ளே காட்டினாங்க. அடியெல்லாம் சுண்ணாம்பு. அந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி அப்படி. வால்வைக் கழட்டினா, வாய்ல இருந்த சின்ன வலையும் அதே மாதிரி வெள்ளையா அடைஞ்சு கிடக்குது. ராத்தா அதை வினாகிரியில, அதான் வினிகர்ல, அரை மணி நேரம் ஊறப் போட்டாங்க, கரைஞ்சு போச்சு. எனக்கு ஒரே வெட்கம். ராத்தாவுக்கோ சிரிப்பு: "இதே வினாகிரிய நான் கேத்தலுக்கு மாசா மாசம் ஊத்துறேன் பாஸ், அதுக்கு ஒங்களையா கூப்பிடுறேன்?"

பையில டைமர்

புதன்கிழமை ஐஸ் விழுந்திச்சு. வியாழக்கிழமை காலையில ஃபிரிஜ்ஜே செத்துப் போச்சு. அவங்க ஐஸோட சேர்த்து தெரு ஆளுங்க இறைச்சியும் கெட்டுப் போகப் பார்த்திச்சு. உறைபனி கரைக்கிற டைமர் இறுகி, மோட்டரை ஓட விடாமப் பிடிச்சிருந்திச்சு. மாத்தளையில இருக்கிற கடைக்கு ஓடி, ஒரு பழைய ஃபிரிஜ்ஜுல இருந்து டைமரைக் கழட்டி, வயரோட பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன்.

சாவடியில பையைத் திறந்தப்பதான் புத்தி வந்திச்சு. தமிழன், கையில அடையாள அட்டை, பைக்குள்ள டைமர், வயர். பார்க்கிறவங்க குண்டுன்னுதானே நெனப்பாங்க. அட முட்டாளே! ஆமிக்காரர் துவக்கை நிமிர்த்தி, "மே மொகக்த?"ன்னார். இது என்னன்னு கேக்குறார். நாளெல்லாம் சிங்களம் பேசுற நான், அன்னைக்கு வாயைத் திறந்தா காத்துதான் வருது. பஸ் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு.

ராத்தா ரோட்டைக் கடந்து வந்தாங்க. சத்தம் போடல, கெஞ்சவும் இல்ல. "இது என் ஃபிரிஜ்ஜுக்கு. நம்பாட்டி வந்து நின்னு பாருங்க"ன்னு சிங்களத்துல சொல்லி, அவரை ஃபிரிஜ் முன்னாலயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் துவக்கோட நிக்க, நான் டைமரைப் பூட்டி, ஸ்க்ரூட்ரைவரால திருப்பினேன். 'டக்'குன்னிச்சு. ஆமிக்காரர் ரெண்டடி பின்னால பாய்ஞ்சார். அடுத்த நிமிஷம் மோட்டர் ஓடிச்சு. என் உசிரும் திரும்பி வந்திச்சு. அவர் துவக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு ராத்தாகிட்ட கேட்டார்: "அக்கே, எங்க கேம்ப் ஃபிரிஜ்ஜும் பழுது. இவனை அங்க அனுப்ப ஏலுமா?"

வெள்ளிக்கிழமை

ஜும்மா முடிஞ்சு ஏஜென்சிக்காரர் வந்தப்ப நானும் அங்கதான் இருந்தேன். கூலிக்குப் போகல, ஐஸ் விழுதான்னு பார்க்கத்தான் போனேன். வாசல்ல மேசை, மேசையில கிளாஸ் வரிசை, பஸ்ஸை விட்டு இறங்கின சனம் சுத்தி நின்னிச்சு. மூத்த மகள் கசகசா போட, இளையவள் ஐஸ் அள்ளிக்கிட்டிருந்தா. ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டைக் கேட்டார். உள்ளே சளசளன்னு ஐஸ் கொட்டுற சத்தம். ராத்தாவுக்குக் கண்ணு கலங்கினதை நான் பார்த்தேன். கை மட்டும் நிக்கல, ஒரு கிளாஸை நிரப்பி அவர் முன்னால வச்சாங்க: "பாஸ்போட் ஃபிரிஜ்ஜுக்கு மேல கிடக்குது, அங்கேயே கிடக்கட்டும். நீங்க இதைக் குடிச்சிட்டுப் போங்க."

அன்னையில இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், "என்ன பழுதுன்னு நீங்க நெனக்கிறீங்க?"ன்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் ஸ்க்ரூட்ரைவரை எடுக்கிறேன், பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடுது, கெட்டிக்கார பாஸ்ங்கிற பேர் மட்டும் எனக்கு.