சாமித்தட்டில் ஏறிய பன்றி

கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டே பன்றிக்குச் சந்தனம் பூசிய வீடு லண்டனில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தப் பெருமைக்கு முழுக்காரணமும் நான்தான்.

எட்மண்டனில், ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். கடைக்காரரின் மகள் என் வகுப்புத் தோழி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவள் எனக்குச் சிவப்புத் தாளில் தூரிகையால் 家 என்று எழுதப் பழக்கினாள். வீடு என்று பொருள். வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கும் அதே எழுத்துத்தான். முன்னால் 'பெரிய' என்று சேர்த்தால் 'எல்லாரும்' ஆகிவிடும், 'படம்' என்று சேர்த்தால் ஓவியர். மேலே இருப்பது கூரை, கீழே இருப்பது பன்றி, அந்தக் காலத்தில் பன்றி நின்ற இடம்தான் வீடு என்று அவளுடைய அப்பா சொன்னாராம். எத்தனையோ தாள்களை நாசமாக்கிய பிறகு ஒன்று அழகாக வந்தது.

அம்மாவிடம் கொண்டோடினேன். வீடு என்றதுமே அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. புதிதாக வந்த குளிர்சாதனப் பெட்டிக்கே பொட்டு வைத்தவர். தாளைச் சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, விரத நாளெல்லாம் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார்.

விரதம் முடிந்த கிழமை ஹவுன்ஸ்லோவில் இருந்து மாமி வந்தார். அப்பாவின் அக்கா, ஆசாரத்தில் நெருப்பு. இது என்ன என்று கேட்டார். நான் கூரையில் தொடங்கிப் பன்றிவரை விளக்கினேன். மாமி இரண்டடி பின்னால் போனார். உடனே கிழித்துப் போடச் சொன்னார், கீழ்வீட்டுப் பிள்ளையை இனி மேலே விடவேண்டாம் என்றும் சொன்னார். அம்மாவின் கை தாளுக்குப் போனது. எழுத்தும் போய்த் தோழியும் போவதா? அப்போதுதான் ஞாயிறு சைவசமய வகுப்பு கைகொடுத்தது.

"மாமி, பெருமாள் பன்றியாய்ப் போய்த்தானே சிவன்ர அடியைத் தேடினவர்?"

மாமி தேத்தண்ணி கேட்டார்.

அம்மா தாளில் இருந்து கையை எடுத்தார். அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டுக்குள்ளை ஒரு சீவனெண்டாலும் இருக்கெல்லோ மச்சாள். அது இருக்கட்டும்."

மாமியை வாதத்தில் வென்றவர் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. படிகளில் தாவி இறங்கித் தோழியிடம் சொன்னேன். அவளுடைய அப்பா ஒரு பை நிறைய இறால் பொரியல் தந்தார். ராசாத்திகள் போல நடைபாதையில் குந்தியிருந்து தின்றோம்.

அந்தக் கிழமைதான் போர் நெருங்கி வர யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியிருந்தது. அங்கே எங்கள் வீட்டில் இருந்த மாமா குடும்பமும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னுடைய வாதம் அம்மாவின் காதில் விழவேயில்லை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது.